டிரம்மருக்கு வேலை இல்லாத பாட்டு

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களைச் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

ஹெட்ஃபோன் மாட்டியாச்சா? இன்னைக்குப் பேச்சைத் தொடங்குறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. நியூ ஆர்டர்னு ஒரு இங்கிலாந்து பேண்ட். 1983-ல அவங்க போட்ட 'ப்ளூ மண்டே' பாட்டை ஒரு தடவை ஓட விடுங்க. முழுசா வேண்டாம், முதல் பதினஞ்சு விநாடி போதும். வெறும் கிக் டிரம்தான் கேட்கும். பேண்ட் பேரு தெரியாதவங்களுக்குக்கூட அந்தச் சத்தம் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும்.

கேட்டாச்சா? இப்போ என் கேள்வி. அந்த டிரம்ஸை அடிச்சது யாரு?

யாரும் அடிக்கல. ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ்னு ஒரு டிரம் மெஷின் அது. ஆனா அந்த பேண்ட்ல டிரம்மர் இல்லாம இல்ல. ஸ்டீபன் மோரிஸ் இருந்தாரு. அந்தக் காலத்து இங்கிலாந்துல கடிகாரம் மாதிரி வாசிக்கிற ஆள்னு பேரு வாங்கினவரு. அவரே உட்கார்ந்து மெஷினை ப்ரோக்ராம் பண்ணாரு. அதாவது, தன்னோட வேலையை ஒரு பெட்டிக்குச் சொல்லிக் கொடுத்த டிரம்மர்.

'மெஷின் வந்துடுச்சே, இனி நமக்கு என்ன வேலை'ங்கற கேள்வியை இன்னைக்கு டிசைனர், எடிட்டர், கோடர்னு எல்லாரும் கேட்கிறோம். அதனாலதான் இந்தக் கதை எனக்குப் பழைய கதையாவே தெரியல. கிட்டார் பிடிச்சுக்கிட்டு வளர்ந்த பசங்க எப்படி சிந்தசைசர் பக்கம், டான்ஸ் ஃப்ளோர் பக்கம் போனாங்க? போனப்போ எதை விட்டாங்க, யார்கிட்ட இருந்து எதை எடுத்தாங்க? இதுதான் இன்னைக்கு எபிசோட்.

சிந்த் வாசிக்கல, நம்புங்க

1970-கள்ல ராக் உலகத்துல சிந்தசைசர் மேல ஒரு சந்தேகம் இருந்தது. பிங்க் ஃப்ளாய்ட் மாதிரி பேண்டுகள் அதை ஆசையா வாசிச்சாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா குயீன் பேண்டை எடுத்துக்குங்க. அந்தப் பத்தாண்டுல அவங்க ஆல்பம் அட்டைகள்ல, 'இதில் சிந்தசைசர் யாரும் வாசிக்கவில்லை'ங்கற அர்த்தத்துல ஒரு குறிப்பே அச்சடிச்சுப் போட்டாங்க. கலப்படம் இல்லாத நெய்னு டப்பால எழுதுற மாதிரி. கேட்கிற ஒவ்வொரு சத்தமும் கையால, கிட்டாரால, குரலால வந்ததுன்னு நிரூபிக்கணும். அதுல ஒரு பெருமை. 1980-ல வந்த 'தி கேம்' ஆல்பத்துலதான் அவங்க முதல் தடவையா சிந்த் தொட்டாங்க.

சிந்த் மேல இருந்தது வெறும் சந்தேகம். டிஸ்கோ மேல இருந்தது வெறுப்பு. 1979 ஜூலை 12, சிகாகோவுல கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானம். ஸ்டீவ் டால்னு ஒரு ராக் ரேடியோ டிஜே. அவர் வேலை பார்த்த பழைய ஸ்டேஷன் டிஸ்கோவுக்கு மாறினதுல வேலை போன ஆள். ஒரு டிஸ்கோ இசைத்தட்டைக் கொண்டு வந்தா 98 சென்ட்ல டிக்கெட்னு அறிவிப்பு. ரெண்டு ஆட்டத்துக்கு நடுவுல அந்தத் தட்டுகளை எல்லாம் ஒரு பெட்டியில குவிச்சு மைதானத்துலயே வெடி வச்சாங்க. கூட்டம் உள்ளே பாய்ஞ்சது, தரை நாசம், ரெண்டாவது ஆட்டமே ரத்து.

அன்னைக்கு அந்த மைதானத்துல இருக்கை காட்டுற வேலை பார்த்த ஒரு கருப்பினப் பையன் பேரு வின்ஸ் லாரன்ஸ். ஜனங்க கொண்டு வந்ததுல டிஸ்கோ மட்டும் இல்ல, டிஸ்கோவே பாடாத கருப்பினக் கலைஞர்களோட தட்டுகளும் நிறைய இருந்ததுன்னு அவர் பின்னாடி பல தடவை சொல்லியிருக்கார். 'டிஸ்கோ ஒழிக'ன்னு கத்தினப்போ அது ஒரு பீட்டை மட்டும் பார்த்துக் கத்தினது இல்ல. அந்த பீட்டுக்கு ஆடினவங்க யாருன்னு எல்லாருக்கும் தெரியும். கருப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர், தன்பாலின ஈர்ப்பாளர்கள். இதை மனசுல வச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

பாடகர் இல்லாத பேண்ட்

இப்போ அட்லாண்டிக் கடலைத் தாண்டி இங்கிலாந்துக்கு வருவோம். மான்செஸ்டர். பர்னார்ட் சம்னர், பீட்டர் ஹூக் ரெண்டு பேரும் பள்ளிக்கூட நண்பர்கள். 1976 ஜூன்ல செக்ஸ் பிஸ்டல்ஸ் கச்சேரியைப் பார்த்துட்டு, நாமளும் பேண்ட் தொடங்கலாம்னு முடிவு பண்றாங்க. ஸ்டீபன் மோரிஸ் டிரம்ஸ். இயன் கர்டிஸ் பாடகர், பாட்டெழுதுறவர். அதுதான் ஜாய் டிவிஷன். 1979-ல முதல் ஆல்பம். இருண்ட, குளிர்ந்த, நடுவுல நிறைய வெற்றிடம் விட்ட இசை.

1980 மே 18. முதல் அமெரிக்கப் பயணத்துக்குக் கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின நாள், இயன் கர்டிஸ் தற்கொலை பண்ணிக்கிறார். வயசு 23. வலிப்பு நோய், மன அழுத்தம், குடும்பச் சிக்கல் எல்லாம் அவரை நெருக்கிட்டிருந்தது. கூட இருந்தவங்களும் இருபதுகள்ல இருந்த பசங்கதான். நண்பன் போயிட்டான். பேண்டோட குரலும் போயிடுச்சு.

யார் விலகினாலும் அந்தப் பேரைத் தொடர்ந்து பயன்படுத்தக் கூடாதுன்னு அவங்களுக்குள்ள ஒரு ஒப்பந்தம் இருந்தது. அதன்படி ஜாய் டிவிஷன் முடிஞ்சது. நியூ ஆர்டர்னு பேரு. இனி யார் பாடுறது? மூணு பேருமே மாத்தி மாத்திப் பாடிப் பார்த்தாங்க. 1981-ல வந்த 'மூவ்மென்ட்' ஆல்பத்துல ஹூக் பாடின பாட்டுகள்கூட உண்டு. கடைசியில அந்தப் பொறுப்பு சம்னர் தலையில விழுந்தது. கிட்டார் வாசிச்சுக்கிட்டே பாடுறது அவருக்குக் கஷ்டம். கீபோர்டுக்கும் கிட்டாருக்கும் இன்னொரு கை வேணும்னு 1980 கடைசியில ஜில்லியன் கில்பர்ட்டைச் சேர்த்தாங்க.

'மூவ்மென்ட்' கேட்டா, இல்லாத ஒருத்தருக்காக இடம் விட்டு வச்ச வீடு மாதிரி இருக்கும். எல்லாப் பாட்டுலயும் கர்டிஸ் நிழல். அதே மாதிரி இன்னும் ரெண்டு ஆல்பம் போட்டிருந்தா அவங்களை நாம இன்னைக்குப் பேசிட்டு இருக்க மாட்டோம்னு நான் நினைக்கிறேன்.

அவங்களுக்கு வெளியே போற வழி நியூயார்க்ல கிடைச்சது. ஒத்திப்போன அமெரிக்கப் பயணத்துக்காக 1980-ல போறாங்க. அங்கே கிளப்புகள்ல ராக் ரசிகர், டிஸ்கோ ரசிகர்னு கோடு அவ்வளவு கறாரா இல்ல. பங்க் தட்டுக்குப் பின்னாடியே எலக்ட்ரோ ஓடும். யாரும் மேடையைப் பார்த்து நிக்கல, ஆடிக்கிட்டு இருந்தாங்க. பாடகர் முகத்தையே பார்த்து நிக்கிற கச்சேரியில இருந்து வந்த ஒரு பேண்ட், அதுவும் அந்த முகத்தை இழந்த பேண்ட், இதைப் பார்க்குது. நடுவுல நிக்க ஆளே தேவைப்படாத இசை ஒண்ணு இருக்கு! அந்த நேரத்துல அவங்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதலா இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

ஏ4 காகிதத்துல எழுதின பாட்டு

சம்னருக்கு ஒரு பழக்கம். சாலிடரிங் இரும்பு வச்சுக்கிட்டுத் தானே மெஷின் கட்டுவாரு. ஜாய் டிவிஷன் காலத்துலயே ட்ரான்சென்டென்ட் 2000-ங்கற சிந்தசைசரை உதிரி பாகங்களா வாங்கி வீட்டுல உட்கார்ந்து கோர்த்தவர். கடையில விக்கிற பெரிய சிந்தோட விலை கட்டுப்படியாகாது, அதனால. அதே மாதிரி ஒரு சீக்வென்சரையும் கட்டினார்.

சீக்வென்சர்னா என்னன்னு ஒரு வரியில சொல்றேன். எந்த ஸ்வரம், எவ்வளவு நேரம்னு வரிசையா எண்களாப் பதிஞ்சு வச்சா, அதைப் பார்த்து சிந்தை வாசிக்க வைக்கிற கருவி. இன்னைக்கு லேப்டாப்ல மவுஸால கட்டம் கட்டமா நிரப்புறோமே, அதோட தாத்தா. அப்போ திரையும் கிடையாது, கட்டமும் கிடையாது. ஒரு கம்பெனி மெஷின் இன்னொரு கம்பெனி மெஷினோட பேசுறதுக்கான மிடிங்கற பொது மொழி, 1983 ஜனவரியிலதான் முதல் தடவையா மக்கள் முன்னாடி காட்டப்பட்டது. அதுக்கு முன்னாடியே லண்டன் பிரிட்டானியா ரோ ஸ்டூடியோவுல 'ப்ளூ மண்டே' ஒலிப்பதிவு முடிஞ்சது. டிரம் மெஷினும் சீக்வென்சரும் ஒரே தாளத்துல ஓடணும்னா தெரிஞ்ச எலக்ட்ரானிக்ஸ் ஆளைப் பிடிச்சு நடுவுல தனியா ஒரு சர்க்யூட் போட்டாகணும்.

ஜில்லியன் கில்பர்ட் அந்தச் சீக்வென்ஸ் முழுசையும் ஏ4 காகிதங்களை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, ஒவ்வொரு ஸ்வரமா எழுதி வச்சிருந்தாங்க. அதைப் பார்த்து மெஷின்ல ஏத்தினப்போ ஒரு ஸ்வரம் விட்டுப் போச்சு. அதனால மெலடி தாளத்தோட ஒட்டாம கொஞ்சம் தள்ளித் தள்ளி விழுது. இதை அவங்களே பின்னாடி ஒரு பேட்டியில சொன்னாங்க. நல்லா இருந்ததால அப்படியே விட்டுட்டாங்க. இப்போ திரும்பிப் போய்க் கேளுங்க. மெஷின் ஓட்டம் துல்லியம். ஆனா அந்த மெலடி எங்கேயோ கால் இடறி நடக்கும். அந்த இடறல் மனுஷக் கையில இருந்து வந்தது.

இன்னொண்ணு கவனிங்க. ரெண்டு நிமிஷத்துக்கு மேல ஆகும், குரல் வர்றதுக்கு. ரேடியோவுக்கு எழுதுற ராக் பாட்டுல அதுக்குள்ள பாதிப் பாட்டே முடிஞ்சிருக்கும். இது டிஜேக்காகச் செஞ்சது. ஆரம்பத்துல வெறும் பீட் இருந்தாத்தான் முந்தின பாட்டோட கடைசியை இதோட கலக்க முடியும். 7 நிமிஷம் 29 விநாடி நீளம், 12 இன்ச் தட்டு. அகலமான பள்ளம், அதிக ஒலி, கனமான பேஸ். அதாவது ராக் பேண்ட் கடன் வாங்கினது சிந்தசைசர் சத்தத்தை மட்டும் இல்ல. பாட்டு எப்படித் தொடங்கணும், எவ்வளவு நீளம் இருக்கணும், எங்கே ஒலிக்கணும்ங்கற இலக்கணத்தையே வாங்கினாங்க.

அப்போ மனுஷங்க என்னதான் பண்ணாங்க? பேஸ் கிட்டார் கேளுங்க. பீட்டர் ஹூக்கோட ஸ்டைலே வேற. ஆரம்ப நாள்ல சம்னரோட ஆம்ப்ளிஃபயர் சத்தத்துல தன் பேஸ் தனக்கே கேட்காததால, மேல் ஸ்தாயியில மெலடியா வாசிச்சுப் பழகினவர். 'ப்ளூ மண்டே'ல கீழே ஓடுற பேஸ் முழுக்க மூக் சிந்த் பார்த்துக்குது. அது அவர் வேலையைப் பறிச்சதுன்னும் சொல்லலாம், அவரை மேலே பாட விட்டதுன்னும் சொல்லலாம். எனக்கு ரெண்டும் உண்மையாத்தான் படுது. மோரிஸ் விஷயத்துலயும் அப்படித்தான். மெஷினுக்குச் சொல்லிக் கொடுக்க ஒரு நல்ல டிரம்மர் தேவைப்பட்டார். அந்த கிக் டிரம் தடதடப்பை எங்கே நிறுத்தணும், எங்கே திரும்ப விடணும்னு ஒரு டிரம்மரோட காதுதான் முடிவு பண்ணிச்சு.

ஆனா இந்தப் பயம் கற்பனைன்னு நான் சொல்ல வரல. 1982-ல பிரிட்டிஷ் இசைக் கலைஞர் சங்கத்தோட லண்டன் கிளை ஒண்ணு, சிந்த்தையும் டிரம் மெஷினையும் தடுக்கணும்னு தீர்மானமே போட்டது. சங்கம் முழுசும் அதை ஏத்துக்கல. ஆனா தியேட்டர்லயும் ஸ்டூடியோவுலயும் தினக்கூலிக்கு வயலின் வாசிச்சவங்களுக்கு அது சிரிப்பான விஷயம் இல்ல. சொந்தப் பாட்டு, சொந்தப் பேரு இருக்கிற நியூ ஆர்டருக்கு மெஷின் ஒரு கருவி. பேரு தெரியாத செஷன் கலைஞருக்கு அது போட்டியாளர். ஒரே மெஷின்தான். நீங்க எந்தப் பக்கம் நிக்கிறீங்கங்கறதுதான் வித்தியாசம்.

கிளப் கட்டினவங்க

'ப்ளூ மண்டே'வோட அட்டை ஃப்ளாப்பி டிஸ்க் மாதிரி இருக்கும். டிசைன் பண்ணவர் பீட்டர் சேவில். பாட்டு பேரு, பேண்ட் பேரு எதுவும் எழுத்துல இருக்காது, நிறக் கட்டங்கள்ல குறியீடா இருக்கும். அந்த அட்டையை வெட்டுற செலவுல, விக்கிற ஒவ்வொரு தட்டுக்கும் ஃபேக்டரி ரெக்கார்ட்ஸுக்கு நஷ்டம்னு ஒரு பிரபலமான கதை உண்டு. தட்டு பிச்சுக்கிட்டுப் போச்சு. பிரிட்டன்ல அதிகம் வித்த 12 இன்ச் சிங்கிள் இதுதான்.

அதுக்கு முன்னாடியே, 1982 மே 21-ல மான்செஸ்டர்ல ஹசியெண்டா கிளப் திறந்தாச்சு. முன்னாடி படகு ஷோரூமா இருந்த கட்டடம். பணம் போட்டது ஃபேக்டரியும் நியூ ஆர்டரும். நியூயார்க்ல பார்த்த மாதிரி ஒரு இடம் நம்ம ஊர்ல வேணும்னு ஆசை. ஜாய் டிவிஷனோட தயாரிப்பாளர் மார்ட்டின் ஹேனட்டுக்கு இதுல கடும் கோபம். அந்தக் காசுக்கு ஸ்டூடியோ கருவி வாங்கியிருக்கலாம்னு சண்டை போட்டு, வழக்கு வரைக்கும் போனாரு.

முதல் சில வருஷம் ஹசியெண்டா பல ராத்திரி காலியாவே கிடந்தது. 1986-க்கு அப்புறம் நிலைமை மாறிச்சு. மைக் பிக்கரிங் மாதிரி டிஜேக்கள் சிகாகோவுல இருந்து வந்த ஹவுஸ் தட்டுகளைப் போட ஆரம்பிச்சாங்க. 1988-ல உள்ளே நுழையவே வரிசை.

அந்த ஹவுஸ் எங்கே இருந்து வந்தது? தட்டுகளை வெடி வச்ச அதே சிகாகோவுல இருந்துதான். அங்கே வேர்ஹவுஸ்ங்கற கிளப்ல ஃப்ராங்கி நக்கல்ஸ் டிஸ்கோவை நிறுத்தவே இல்ல. மைதானத்துல இருக்கை காட்டின வின்ஸ் லாரன்ஸ், ஜெஸ்ஸி சாண்டர்ஸோட சேர்ந்து செஞ்ச 'ஆன் அண்ட் ஆன்' 1984-ல வந்தது. முதல் ஹவுஸ் தட்டுகள்ல ஒண்ணுன்னு அதைத்தான் சொல்வாங்க. ஒழிச்சாச்சுன்னு ஊரே கொண்டாடின இசை, மலிவான மெஷின்கள்ல மறுபடி முளைச்சது.

அந்த மெஷின்கள்ல ஒண்ணோட கதை ரொம்ப சுவாரஸ்யம். ரோலண்ட் டிபி-303. ஜப்பான்காரங்க இதைச் செஞ்சது யாருக்குத் தெரியுமா? தனியா பயிற்சி பண்ற கிட்டார்காரங்களுக்கு. பேஸ் வாசிக்க ஆள் இல்லையா, இந்தப் பெட்டியை வச்சுக்கோன்னு. நிஜ பேஸ் மாதிரி கேட்கவே இல்ல, விக்கல, சில வருஷத்துல தயாரிப்பை நிறுத்திட்டாங்க. செகண்ட் ஹேண்ட் கடைகள்ல சல்லிசாக் கிடைச்ச அதை சிகாகோவுல ஃபியூச்சர்ங்கற குழு வாங்கி, குமிழ்களைத் தப்புத் தப்பாத் திருகி, 1987-ல 'ஆசிட் ட்ராக்ஸ்' போட்டாங்க. ஆசிட் ஹவுஸ் பிறந்தது. ராக் ஆளுங்க வேண்டாம்னு தூக்கிப் போட்ட பெட்டி, டான்ஸ் இசையா மாறி, மறுபடி ராக் பேண்டுகளைத் தேடி வந்துச்சு. 1989-ல நியூ ஆர்டர் போட்ட 'டெக்னிக்' ஆல்பத்துல அந்த வாசனை அடிக்கும். அதுதான் பிரிட்டன்ல அவங்களோட முதல் நம்பர் ஒன் ஆல்பம்.

ஹசியெண்டா கதையை வெறும் கொண்டாட்டமாச் சொல்லி முடிக்க முடியாது. எக்ஸ்டஸி மாத்திரை பரவிச்சு. 1989-ல அங்கே மாத்திரை எடுத்த 16 வயசுப் பொண்ணு ஒருத்தி இறந்துட்டா. ரவுடிக் கும்பல்களால 1991-ல கிளப் கொஞ்ச நாள் மூடிக் கிடந்தது. மாத்திரை போட்டவங்க தண்ணிதான் குடிச்சாங்க, அதனால பார்ல வருமானமும் இல்ல. 1992-ல ஃபேக்டரி திவால், 1997-ல கிளப்புக்குப் பூட்டு. 2002-ல கட்டடத்தை இடிச்சாங்க. இன்னைக்கு அங்கே அதே பேர்ல அடுக்குமாடிக் குடியிருப்பு. நியூ ஆர்டர் சம்பாதிச்சதுல பெரும்பகுதியை அந்தக் கட்டடம் தின்னுச்சு.

பாட்டை உடைச்சிடு

நியூ ஆர்டர் மெஷினைத் தன் வீட்டுக்குள்ள கொண்டு வந்தாங்க. இன்னொரு வழியும் இருக்கு. உன் பாட்டைத் தூக்கி டிஜே கையில கொடுத்துடு.

ஸ்காட்லாந்து பேண்ட் ப்ரைமல் ஸ்க்ரீம். 1989 ஆல்பத்துல ஒரு மெதுவான, ரோலிங் ஸ்டோன்ஸ் சாயல்ல ஒரு சோகப் பாட்டு. ஆல்பம் பெருசாப் போகல. ஆண்ட்ரூ வெதரால்னு ஒரு டிஜேகிட்ட அந்தப் பாட்டைக் கொடுத்தாங்க. அவருக்கு ஸ்டூடியோ அனுபவம் ரொம்பக் கம்மி. முதல்ல மரியாதையா, பாட்டுக்கு ஒரு பீட் மட்டும் சேர்த்துக் கொண்டு வந்தாரு. கிட்டாரிஸ்ட் ஆண்ட்ரூ இன்னஸ், இப்படி இல்ல, அதை நொறுக்கிப் போடுன்னு சொல்லித் திருப்பி அனுப்பினாரு.

வெதரால் நொறுக்கினாரு. பாட்டோட வரிகள் கிட்டத்தட்ட எல்லாமே போச்சு. பாடகர் பாபி கில்லெஸ்பியோட குரலே கிட்டத்தட்டக் காணோம். மூலப் பாட்டோட கடைசிப் பகுதியில இருந்து சில துண்டுகள், பித்தளை வாத்தியங்கள், ஒரு லூப், 1966-ல வந்த ஒரு மோட்டார் சைக்கிள் படத்துல இருந்து ஒரு வசனம். 1990-ல 'லோடட்'னு வெளியாச்சு. அவங்களுக்குக் கிடைச்ச முதல் பெரிய ஹிட். அந்த வழியிலயே போய் 1991-ல 'ஸ்க்ரீமடெலிகா' ஆல்பம். 1992-ல முதல் மெர்க்குரி பரிசு அதுக்குத்தான்.

யோசிச்சுப் பாருங்க. நீங்க ஒரு பாடகர். உங்க பாட்டு ஹிட் ஆயிடுச்சு. ஆனா அதுல நீங்க பாடவே இல்ல. சரின்னு சொல்ல ஒரு மனசு வேணும்.

இதோட எதிர் உதாரணமும் சொல்லிடுறேன். 1997-ல யு2 பேண்ட் 'பாப்' ஆல்பம் போட்டாங்க. டான்ஸ் தயாரிப்பாளர்கள், லூப், சாம்ப்ளர் எல்லாம் உண்டு. ஆனா ஆல்பம் முடியுறதுக்கு முன்னாடியே உலகச் சுற்றுப்பயணத்துக்குத் தேதி குறிச்சாச்சு. அவசரத்துல முடிச்சோம்னு அவங்களே பின்னாடி சொன்னாங்க. சில பாட்டுகளை மறுபடி செஞ்சு வெளியிட்டாங்க. எனக்கு அந்த ஆல்பத்துல பிடிச்ச இடங்கள் உண்டு. ஆனா பல இடத்துல பழைய வீட்டுக்குப் புது பெயிண்ட் அடிச்ச மாதிரி இருக்கும். கீழே இருக்கிறது அதே ஸ்டேடியம் ராக் பாட்டு, மேலே ஒரு லூப் ஓடுது. பாட்டோட எலும்பு மாறவே இல்ல.

கடனா, திருட்டா?

சரி, மனசுல வச்சுக்கச் சொன்னேனே, அதுக்கு வருவோம். 1979-ல எரிஞ்ச இசையைத்தான், நாலே வருஷத்துல ஒரு வெள்ளைக்கார ராக் பேண்ட் எடுத்து வரலாறு படைக்குது. இது நியாயமா?

'ப்ளூ மண்டே' எங்கெங்கே இருந்து எடுத்ததுன்னு நியூ ஆர்டர் ஆளுங்க மறைச்சதே இல்ல. கிக் டிரம் டோனா சம்மரோட 'அவர் லவ்' பாட்டுல இருந்து. பேஸ் ஓட்டம் சில்வெஸ்டரோட 1978 ஹிட் 'யூ மேக் மீ ஃபீல்'ல இருந்து. பாட்டோட அமைப்பு க்ளைன் அண்ட் எம்பிஓங்கற இத்தாலிய டிஸ்கோ குழுகிட்ட இருந்து. பேட்டிகள்ல வெளிப்படையாவே சொல்லியிருக்காங்க.

சில்வெஸ்டர் கருப்பினத்தவர், தன்பாலின ஈர்ப்பாளர், சான் ஃபிரான்சிஸ்கோ கிளப்புகளோட நாயகன். அந்தப் பாட்டுல சிந்தசைசர் வாசிச்சவர் பேட்ரிக் கௌலி. அவர் 1982 நவம்பர்ல, 32 வயசுல, எய்ட்ஸால இறந்துட்டாரு. 'ப்ளூ மண்டே' வெளியானது 1983 மார்ச். நடுவுல நாலு மாசம். சில்வெஸ்டரும் 1988 டிசம்பர்ல எய்ட்ஸால போயிட்டாரு. தன் பாட்டுகளோட ராயல்டியை எய்ட்ஸ் தொண்டு அமைப்புகளுக்கு எழுதி வச்சுட்டுத்தான் போனாரு. அந்த பேஸ் ஓட்டம் உலகம் முழுக்க ஆடிக்கிட்டு இருந்தப்போ, அதை முதல்ல வாசிச்ச தலைமுறை ஆஸ்பத்திரிகள்ல செத்துக்கிட்டு இருந்தது.

பணக் கணக்கும் பார்க்கணும். சிகாகோ ஹவுஸ் கலைஞர்கள் பல பேருக்கு அவங்க தட்டுகளுக்கான காசு சரியா வரல. லாரி ஹெர்டும் ராபர்ட் ஓவன்ஸும் தங்களோட 1980-கள் பாட்டுகளுக்காக 2020-ல வழக்கு போட்டு, 2022-லதான் உரிமையைத் திரும்ப வாங்கினாங்க. முப்பத்தஞ்சு வருஷம்.

அதனால 'இசைக்கு எல்லை இல்லை'ன்னு ஒரு வரியில சொல்லிட்டுக் கடந்து போக எனக்கு மனசு வரல. எல்லை இருக்கு. யார் தாண்டினா கைதட்டல், யார் தாண்டினா வெடிங்கறதும் தெரியுது.

ஆனா யாரும் யாரோட இசையையும் தொடக் கூடாதுன்னும் நான் சொல்ல மாட்டேன். டோனா சம்மரோட 'ஐ ஃபீல் லவ்' செஞ்சது ம்யூனிக்ல இருந்த ஜியார்ஜியோ மொரோடர், பீட் பெலோட். ஜெர்மன் பேண்ட் க்ராஃப்ட்வெர்க்கோட மெலடியை எடுத்துத்தான் 1982-ல நியூயார்க்ல ஆஃப்ரிகா பம்பாட்டாவும் சோல்சானிக் ஃபோர்ஸும் 'ப்ளானெட் ராக்' செஞ்சாங்க. அதைத் தயாரிச்ச ஆர்தர் பேக்கர்கிட்ட 1983-ல நியூ ஆர்டர் போய் 'கன்ஃப்யூஷன்' செஞ்சாங்க. சங்கிலியில எந்த வளையத்தைப் பிடிச்சாலும் அதுக்கு முன்னாடி ஒண்ணு இருக்கும்.

நான் பார்க்கிறது மூணு விஷயம். எடுத்தது யார்கிட்ட இருந்துன்னு பேரைச் சொல்றீங்களா? எடுத்ததால உங்க இசை உள்ளே இருந்து மாறுதா, இல்ல மேல் பூச்சுதானா? அந்த உலகத்துக்கு நீங்க ஏதாவது திருப்பிக் கொடுத்தீங்களா? நியூ ஆர்டர் முதல் ரெண்டுல தேறிடுவாங்க. மூணாவதுல பாதி மார்க். கிளப் கட்டினாங்க, அந்த இசைக்கு ஒரு வீடு கொடுத்தாங்க, தங்கள் காசைத் தொலைச்சாங்க. ஆனா அந்த வீடு மான்செஸ்டர்லதான் இருந்தது, சிகாகோவுல இல்ல.

போறதுக்கு முன்னாடி

இந்த வாரம் கேட்க ஒரு வரிசை தர்றேன். வரிசை மாத்தாமக் கேளுங்க. முதல்ல சில்வெஸ்டர், 'யூ மேக் மீ ஃபீல்'. அடுத்து நியூ ஆர்டரோட 'மூவ்மென்ட்'ல இருந்து ஏதாவது ஒரு பாட்டு, உடனே 'ப்ளூ மண்டே'. நடுவுல ரெண்டே வருஷம்தான்னு ஞாபகம் வச்சுக்குங்க. அப்புறம் 'ஆசிட் ட்ராக்ஸ்', நீளமான பாட்டு, பொறுமை வேணும். கடைசியா 'லோடட்'. முடிஞ்சா நல்ல ஸ்பீக்கர்ல கேளுங்க, போன் ஸ்பீக்கர்ல அந்த பேஸ் வரவே வராது.

உங்கள்ல யாராவது பேண்ட்ல டிரம்ஸ் வாசிக்கிறவங்க இருந்தா எனக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. லேப்டாப்ல பீட் போடுற நண்பனோட மேடை ஏறினப்போ உங்களுக்கு எப்படி இருந்தது? அடுத்த எபிசோட்ல அதுல சிலதைப் போட்டுப் பேசலாம். நல்லா கேளுங்க, பார்ப்போம்.